கவர்னருக்குப் பதிலாக ஊரப்பாக்கம் போனேன்

1. முதல் நாள்

ஆளுநர் மாளிகையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் நிற்பது. கிச்சனில் ஆறு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். யாருக்கும் என் பாஷை தெரியாது. ஆளுக்கொரு வேலை இருந்தது. நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றேன்.

அதற்கு முன்னால் நான் மிலிட்டரியில் மெஸ் குக். என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஒரே அதிகாரியின் வீட்டில்தான் கழிந்தது. அவர் கர்னலாக இருந்தபோது சேர்ந்தேன், ஜெனரலாகி ஓய்வு பெறும்வரை கூடவே இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு பேரும் ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்று நினைத்தபோது, வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்துக்கு அவரை கவர்னராகப் போட்டார்கள். போன் செய்தார்.

"ஏழுமல, கூட வர்றியா? அங்க நம்ம பேச்சு பேச ஒரு ஆள் கெடயாது."

என் ஊர் திருவிடந்தைக்குப் பக்கம். அவருடைய ஊர் செங்கல்பட்டிலிருந்து உள்ளே போகவேண்டும். அவர்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். என் அப்பா அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர். மிலிட்டரியில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சாப்பாட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியும் நிறையப் பேசுவோம். மற்றவர்களிடம் இங்கிலீஷும் இந்தியும் பேசுகிறவர், நான் பரிமாறும்போது மட்டும் "இன்னா ஏழுமல, இன்னிக்கு ரசம் தூக்கலா கீதே" என்பார். அந்தப் பேச்சுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மாளிகையில் கிச்சனுக்கும் டைனிங் ஹாலுக்கும் நடுவில் நீளமான வராந்தா இருந்தது, ஒரு பட்லர் இருந்தார். குக் பரிமாறக்கூடாது. மெனு கார்டு அச்சடித்து வரும், அதைச் செய்யவேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவர் முகத்தைப் பார்க்காமலே வாரங்கள் போயின. திரும்பி வரும் தட்டைப் பார்த்துத்தான் அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் தட்டு பாதிதான் காலியாகி வரும்.

2. தோட்டத்து ஷெட்

ஒரு மதியம் அவரே கிச்சனுக்குள் வந்துவிட்டார். எல்லோரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நேத்து மீன் கொழம்பு யாரு வெச்சது?"

"நான்தான் சார்."

"நீ வெச்ச மாரியே இல்லியே."

"காரம் கம்மி பண்ணச் சொல்லிட்டாங்க சார்."

அவர் சிரித்தார். பிறகு என்னை டைனிங் ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போனார். சுவரில் வெள்ளைக்காரர் காலத்து கவர்னர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மார்பு நிறைய மெடல், இடுப்பில் வாள்.

"இவங்கள்ல பாதிப் பேரு என்ன மாரிதான். பட்டாளத்துல இருந்தவங்க. சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம் கொண்ணாந்து இங்க உக்கார வெச்சுட்டாங்க. தெனம் இவங்க மூஞ்சியப் பாத்துகினு சாப்பிடறேன். எவனும் ஒரு வார்த்த பேசறதில்ல."

லீவில் போய் வந்தபோது நெத்திலிக் கருவாடு கொண்டு வந்தேன். மாளிகை நிர்வாகி வாசனையைச் சொல்லி கிச்சனுக்குள் விடவில்லை. தோட்டக்காரரின் ஷெட்டில் ஒரு ஸ்டவ் வைத்துச் செய்தேன். சார் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய ஏடிசி, கூடவே இருக்கும் இளம் ராணுவ அதிகாரி, நல்ல பையன், யூனிஃபார்மோடு வெளியே வெயிலில் காத்திருந்தான். அன்றைக்குத் தட்டில் ஒன்றும் மீதியில்லை.

அப்போதுதான் தன் அண்ணனைப் பற்றி முழுசாகச் சொன்னார். அப்பாவோடு ஒரு ஆள் வயலில் நிற்கவேண்டும் என்று பத்தாவதோடு படிப்பை விட்டவர் அண்ணன். தம்பி படித்து ஆஃபீஸரானார். அப்பா இறந்தபோது சார் எல்லையில் இருந்தார், வரமுடியவில்லை. அம்மா இறந்தபோதும் அப்படித்தான். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்னால் நிலத்தை விற்று ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியபோது, ஒட்டினாற்போல் தம்பிக்கும் ஒரு மனை வாங்கிப் போட்டார்.

"ரிட்டயர் ஆனதும் அங்கதான் வூடு கட்டி வந்துடுவேன்னு சொன்னேன். அஸ்திவாரம் போட நாள்கூட பாத்துட்டாரு. அதுக்குள்ள இது வந்திச்சு. போயிட்டு வாடா, கவுர்னருன்னா பெரிய வேலன்னாரு."

3. அண்ணன்

அந்த மாநிலத்தில் தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மை வராமல் போன சமயம் அது. இரண்டு தரப்பும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் டிவிக்காரர்கள். அப்போதுதான் ஊரப்பாக்கத்திலிருந்து போன் வந்தது. அண்ணனை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

சார் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை.

"ஒருத்தரக் கூப்ட்டு ஆட்சிய ஒப்படைக்காம நான் இந்த எடத்த விட்டு நகர முடியாது. நீ போ ஏழுமல. நான் போன மாரி நீ போய்ப் பாரு."

"நான் எப்பிடி சார்? சொந்தக்காரங்கள்ல யாராச்சும்..."

"எனக்கு வேற யாரு கீறாங்க?"

ஊரப்பாக்கத்தில் கேட்டைத் திறந்தது அண்ணி. என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். கார் ஏதும் இல்லை.

"தம்பி வர்லியா?"

"என்ன அனுப்பிச்சாரும்மா. கூட சமைக்கிற ஏழுமலை."

அண்ணன் ஜன்னலோரம் படுத்திருந்தார். சாரின் முகம்தான், வெயிலில் காய்ந்த முகம். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"சண்டையில கீறப்ப அவன் வரலன்னா, சண்டன்னு ஊருக்குச் சொன்னேன். இப்ப இன்னான்னு சொல்லட்டும்?"

எனக்குத் தெரிந்தமட்டில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவன் இல்லன்னா அங்க வேல நடக்காதா?"

"நடக்காதுங்கய்யா."

"செரி." ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். "காரமா வெச்சுக் குடு அவனுக்கு. சின்னதுலேந்தே காரம் இல்லன்னா எறங்காது."

சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தேன். "சாப்டியா" என்றார் அண்ணன். "சாப்டேண்ணா" என்றார் சார். அவர் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பிறகு போனை வைக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தலைவர்கள் வந்திருப்பதாக அந்தப் பக்கம் ஏடிசி குரல் கேட்டது. "போடா, போய் வேலயப் பாரு" என்றார் அண்ணன்.

புது முதலமைச்சரின் பதவியேற்பு நாளன்று காலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டு டிவியில் சார் கோட்டு போட்டுக்கொண்டு பதவிப்பிரமாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பாடையைத் தூக்கும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி எடத்துல நீ தோள் குடு."

உறவில் ஒருவர், பழைய ஊர்க்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு எந்த ஊரு? யாரூட்டு ஆளு?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டு அடி பின்னால் போனேன். அண்ணி அழுதுகொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "எம் புருசன் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசன ஆளு. வுடுங்க."

அண்ணனின் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். தெருமுனையில் வண்டி நிற்கும் இடம்வரை நான் தோள் கொடுத்தேன். என் அப்பா நினைவு வந்தது. அவர் அந்த மாதிரி வீடுகளின் கேட்டைத் தாண்டியதில்லை.

4. கருமாதி

கருமாதிக்கு சார் வந்தார். முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டிகள், தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். படத்துக்கு மாலை போட்டார். அண்ணி முன்னால் தலை குனிந்து நின்றார். "இனிமேல்பட்டாச்சும் வந்துடு தம்பி" என்றார் அண்ணி.

கிளம்புவதற்கு முன்னால் சார் பக்கத்து மனைக்குள் போனார். முள்ளும் புல்லும் மண்டிக் கிடந்தது. பாதுகாப்புக்காரர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"தோள் குடுத்தியாமே."

"குடுத்தேன் சார்."

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி, எடது பக்கம்."

என் இடது தோளில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"கனமா இருந்தாரா?"

"இல்ல சார். லேசாத்தான் இருந்தாரு."

"சின்னதுல என்னத் தூக்கிகினு ஏரிக்கரையெல்லாம் சுத்துவாரு" என்றார்.

கவர்னர் வேலையை முழுக் காலமும் பார்த்துவிட்டுத்தான் சார் வந்தார். இப்போது அந்த மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மாசத்துக்கு ஒருமுறை போய்ச் சமைத்துக் கொடுக்கிறேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பேசுவதற்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது. என்னிடம்தான் பேசுகிறார்.

ஓட்டலிலோ பெரிய மனிதர் வீட்டிலோ புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நான் இல்லாவிட்டால் இங்கே வேலை நடக்காது என்பது சிலசமயம் உண்மையாகவே இருக்கும். அப்படி உண்மையாக இருக்கிற நாள் உங்களுக்கும் வரலாம். அது வராத நாட்களில் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.