ராணியைப் பார்த்த ஜன்னல்

இங்கிலாந்து ராணி ம்யூனிக்குக்கு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் கணவர் ம்யூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில், முட்டை மாதிரி கூரை போட்ட அணு உலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காலையில் சைக்கிளில் போனால் இருட்டும்போதுதான் வருவார். ஊரில் எங்களுக்கு மாடியில் ஓர் அறை. சமையலறை கீழே, வீட்டுக்காரம்மாவோடு பொது. அவர் ஒரு விதவை. மிளகாய் வாசனையைப் பொறுத்துக்கொண்டார், என் அரைகுறை ஜெர்மனையும் பொறுத்துக்கொண்டார். அந்த ஊரில் பகல் நேரத்தில் என்னோடு பேச அவரை விட்டால் ஆளில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு வேன் வரும். கெட்டி அட்டை போட்ட வாரப் பத்திரிகைகளை ஒரு பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, போன வாரப் பையை எடுத்துக்கொண்டு போகும். பத்திரிகைகளை விலைக்கு வாங்காமல் வாடகைக்குப் படிக்கும் ஏற்பாடு அது. அச்சு வாசனை போகாமல் வேண்டுமென்றால் வாடகை அதிகம். நாலு வாரம் நாலு வீடு சுற்றி வந்தது மலிவு. எங்கள் வீட்டுக்கு மலிவுதான் வந்தது. அதனால் உலகத்தில் எந்த இளவரசிக்குக் கல்யாணம் நடந்தாலும், எங்கள் சமையலறையில் அது ஒரு மாதம் கழித்துத்தான் நடந்தது.

அந்தப் பத்திரிகைகளில் பாதிக்கு மேல் ராஜா ராணி சமாசாரம். வீட்டுக்காரம்மா படத்தைக் காட்டுவார், நான் பரம்பரையைச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து மன்னர்களின் பட்டியலை வரிசை தப்பாமல் ஒப்பிக்க வைத்திருந்தார்கள். ஆண் வாரிசு வேண்டுமென்று ஒரு மனைவியைத் தள்ளிவைத்து, அடுத்தவளின் தலையை வாங்கிய மன்னனைப் பற்றி நான் சொன்னபோது அவர் வாயைப் பிளந்தார். "இந்தியாவில் பிறந்த உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். அந்தச் சமையலறையில் நான்தான் ஆஸ்தான வித்துவான்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் எனக்கு ஆகாது. அரண்மனையில் குழந்தை பிறந்தால் தொட்டிலைப் பெரிதாகப் படம் போடுவார்கள். வீட்டுக்காரம்மா அதையே தடவித் தடவிப் பார்ப்பார். நான் அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்று எழுந்துவிடுவேன்.

இலையுதிர் காலத்தில் பக்கத்து அறைக்கு அவள் வந்தாள். என் கணவரோடு வேலை செய்த ஒருவரின் புது மனைவி. தமிழ்ப் பெண். என்னைவிட நாலு வயது சின்னவள். அப்பாவுக்கு உத்தியோகம் லண்டனில் என்பதால் சில வருஷம் அங்கே படித்தவள், பள்ளியில் ஜெர்மனும் சேர்த்து. முதல் வியாழக்கிழமையே சாதாரணமாகச் சொன்னாள்: "ராணி பட்டம் சூட்டிக்கிட்ட அன்னிக்கு ரோட்டோரம் நின்னு பாத்தேன் அக்கா. ஒரே மழை. ஷூ, சாக்ஸ் எல்லாம் தொப்பலா நனைஞ்சுடுச்சு. ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரு கப் குடுத்தாங்க, ராணி படம் போட்டு."

இதை அவளே ஜெர்மனில் மொழிபெயர்த்தும் சொன்னாள். வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அடுத்த வாரம் முதல் அவர் பக்கத்து நாற்காலி அவளுக்குப் போய்விட்டது. எனக்கு எதிர் நாற்காலி. படங்களெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தன. நான் உருப்போட்ட அத்தனை மன்னர்களும் அவளுடைய ஒரு ஜோடி நனைந்த ஷூவுக்கு முன்னால் நிற்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வெங்காயம் நறுக்கிக் கொடுப்பாள், எனக்குத் தலைவலி என்றால் காபி போட்டுக் கொண்டுவருவாள். அதுவும் எரிந்தது.

வசந்த காலத்தில் ஒருநாள் துணி உலர்த்தும்போது என் காதருகே வந்தாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. மூணு மாசம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு அம்மா லெட்டர் போட்டிருக்காங்க. அதோட வேற ரூமும் பாக்கணும். அக்ரிமென்ட்ல கைக்குழந்தை கூடாதுன்னு போட்டிருக்கே."

நான் சிரித்தேன். நெற்றியில் முத்தம்கூடக் கொடுத்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். லண்டனும் அவளுக்கு, நாற்காலியும் அவளுக்கு, இதுவும் அவளுக்கா?

அடுத்த வாரம்தான் ஜன்னல் விவகாரம். ராணி ம்யூனிக்கில் ஊர்வலம் வரும் தெருவில் வீட்டுக்காரம்மாவின் தங்கைக்கு வீடு இருந்தது. இரண்டாம் மாடி ஜன்னலில் வீட்டுக்காரம்மாவுக்கும் கூட ஒருவருக்கும் இடம் என்று தங்கை சொல்லியனுப்பினாள். வீட்டுக்காரம்மா யோசிக்கவேயில்லை. பக்கத்து அறைக்காரியைக் கூட்டிப் போவதாக என்னிடமே சொன்னார்.

அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். "அவள் வரக் கூடாது. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி கர்ப்பிணி கூட்டமான இடத்துக்குப் போகமாட்டாள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வளைகாப்பு என்ன, ஆளில்லாமலா நடக்கிறது? ஆனால் 'எங்கள் வழக்கம்' என்று சொல்லிவிட்டால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். என் பட்டுப்புடவைக்கும் வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலுக்கும் கொடுத்த மரியாதையை இந்தப் பொய்க்கும் கொடுத்தார். ஒப்பந்தத்தின் அந்த வரி எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது என்று பல வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை.

ராணியைப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். ஒரு தொப்பி, ஒரு கையுறை, ஓர் அசைப்பு. கார் திரும்பிவிட்டது. வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். அந்தப் பிடிக்காகத்தான் நான் அதைச் செய்தேன். பிடித்த கை பிடித்தபடி இருக்க, "பாவம், நல்ல பெண். அடுத்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். குழந்தை அழுகை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றார். மறுநாள் கேக் செய்து எடுத்துக்கொண்டு போய், வாழ்த்துச் சொல்லிவிட்டு அதையும் சொன்னார்.

அவர்களுக்கு உடனே கிடைத்தது ரயில் பாதையை ஒட்டி ஓர் ஈர அறை. கிளம்பிய நாள் வியாழக்கிழமை. வேன் வந்தது. நாலு வாரப் பழைய ராணி எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரம்மா பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். கூடவே ஒரு தொட்டில் படமும் இருந்தது. "எவ்வளவு அழகுக் குழந்தை!" என்று அதைத் தடவினார். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. மாடியிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

போகும் முன் அவள் உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "எல்லாம் இவராலதான் அக்கா. லேப்ல யார்கிட்டயோ உளறியிருக்காரு. இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றாரு. மூணு வாரமா நான் அவரோட பேசலை" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் காகிதம் சுற்றிய ஒரு பொருளை என் கையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்தக் கப். "உங்களுக்குத்தான் ராணின்னா உசுராச்சே. நீங்க வெச்சுக்கோங்க."

"தேங்க்ஸ்" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

எனக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. அவளுக்குப் பெண் பிறந்ததாக எழுபதுகளில் யாரோ சொல்லிக் கேட்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? கப் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒருநாளும் அதில் காபி குடித்ததில்லை. கட்டிய புருஷனைச் சந்தேகப்பட்டவளுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அப்படி ஒருத்தரை நம்ப என்னால் முடிந்ததேயில்லை. அவளிடம் இருந்த எல்லாவற்றையும்விட அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.