பிரேக்கக்காவின் குழாய்ச் சாப்பாடு

டிரைவிங் ஸ்கூல் நடத்தினவளுக்கு ‘பிரேக்கக்கா’ என்றுதான் பெயர். அவள் “பிரேக்!” என்று கத்தினால் பக்கத்துத் தெரு வண்டியும் நின்றுவிடும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது.

கதிர்வீச்சு மூன்றாம் வாரத்தைத் தொட்டபோது வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போய், தண்ணீரே கண்ணாடித்தூள் மாதிரி இறங்கியது. உடம்பு கரைந்துகொண்டே வந்தது.

“இப்படியே எடை குறைஞ்சா சிகிச்சையை இடையில நிறுத்தவேண்டி வரும். வயித்துல குழாய் போட்டுடலாம்மா” என்றாள் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர்.

“குழாய் வழியா சாப்பிட்டு வாழறதுக்குப் பதிலா போய்ச் சேரலாம்” என்று தாளில் எழுதிக் காட்டி மறுத்தாள் பிரேக்கக்கா.

அன்று மாலை பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, உங்க தம்பி ஸ்கூல் போர்டுல உங்க பேரை அழிச்சுட்டு அவர் பேரை எழுதிட்டாரு. ‘அவ கதை முடிஞ்சுபோச்சு’ன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு.”

கிளட்ச் எது, பிரேக் எது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். வேலையில்லாமல் சுற்றியவனைக் கூப்பிட்டு ஸ்கூலில் நாற்காலி போட்டுக் கொடுத்ததும் இவள்தான்.

மறுநாள் ஆலோசகரிடம் ஒரு தாளை நீட்டினாள்: ‘குழாய் போடுங்க.’

நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிஞ்சால் சத்துக்கஞ்சியைக் குழாய்க்குள் மெதுவாக இறக்குவாள். ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகத்தை நினைத்துக்கொள்வாள். குமட்டினால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

“குழாய் இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க. கொஞ்சமாவது விழுங்கிப் பழகணும், இல்லன்னா தொண்டைக்கு விழுங்கறதே மறந்துடும்” என்றாள் ஆலோசகர். கண்ணில் தண்ணீர் வர வர, ஸ்பூன் ஸ்பூனாகத் தயிரை விழுங்கினாள்.

சிகிச்சை முடிந்து, குழாயையும் எடுத்த பிறகு, மதிய நேரமாகப் பார்த்து ஸ்கூலுக்குப் போனாள். தம்பி எழுந்து நின்றான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, குழைத்த சோற்று டப்பாவைத் திறந்தாள்.

“அக்கா, வீட்டுல நிம்மதியா சாப்பிடலாமே?”

“மெதுவாத்தான் சாப்பிடணுமாம். நீ நில்லு.” குரல் கரகரவென்று வந்தது.

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கை வரை அவனை நிற்கவைத்தாள். பிறகு ஏணியைக் காட்டினாள். எழுதினவனே ஏறித் தன் பெயரைச் சுரண்டினான். ஸ்கூலின் லைசென்ஸே அவள் பெயரில்தான் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

“கூடப்பிறந்தவன்டி, மன்னிச்சுடு” என்று அம்மா மன்றாடினாள்.

“அவன் நல்லா இருக்கட்டும்மா. ஆனா என் கண்ணுல படவேண்டாம்.”

ஒருநாள் அவன் பழக்கூடையோடு வாசலில் வந்து நின்றான். பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கனிந்த பழத்தை மசித்துச் சாப்பிட்டாள். நன்றாகவே இறங்கியது.