கதிரேசன் எழுதிய நண்டுகள்

1. எண்ணும் வேலை

சென்னையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் பல வருடம் இருந்துவிட்டு, போர்ட் பிளேரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே டைரக்டர் சொன்னார்: "நீங்க பேப்பர்ல இருந்தவரு. இங்கயும் பேப்பர்தான். ஆனா இங்க யாரும் படிக்க மாட்டாங்க, எண்ணுவாங்க."

அவர் சொன்னதுதான் வேலை. ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரை எழுதினார், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் எச்-இண்டெக்ஸ். பதவி உயர்வுக் கமிட்டி முதலில் பார்ப்பது அதைத்தான்.

மலேரியா பற்றிய கட்டுரை வெளியான வருடத்திலேயே பல நாடுகளில் எடுத்தாளப்படும். அலையாத்திக் காட்டு நண்டைப் பற்றி எழுதினால், அதே நண்டைப் பார்க்கிற இன்னொருவர் உலகில் எங்காவது இருக்க வேண்டும். இருவரையும் ஒரே எண்ணால் அளக்கக் கூடாது என்பதால், அந்தந்தத் துறையின் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதிச் சேர்ப்பேன். சில கமிட்டிகள் அதைப் படித்தன.

2. மேலே நிற்கும் பெயர்

வசந்தி மேடம் நண்டு ஆராய்ச்சியாளர். ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா கதிரேசன் அங்கே கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் முருகானந்தத்துக்குத் தூத்துக்குடியில் வேலை; மகளும் அங்கேதான் படித்தாள். பதவி உயர்வு கிடைத்தால் மெயின்லேண்டில் காலியாக இருந்த இடம் மேடத்துக்கு. கிடைக்காவிட்டால் மகளைப் பழையபடி போன் திரையில்தான் பார்க்க வேண்டும்.

அவருடைய எண், நண்டுத் துறைச் சராசரிக்கும் கீழே வந்தது. கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடியபோது பாதியைக் காணவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆய்விதழ்கள் கேட்கும், எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். மேடம் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரையும், பின் கணவர் பெயரையும் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் கணக்கில் கதிரேசன் என்ற ஒருவர் நண்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட்டார். முருகானந்தம் என்று வேறொருவர் தொடங்கியிருந்தார்.

"மேடம், உங்கள ரெண்டா வெட்டி வெச்சிருக்கு."

"கல்யாணம் ஆன எல்லாரையும் அப்படித்தான் சார் வெட்டுறாங்க," என்று சிரித்தார்.

இரண்டையும் இணைக்கலாம். ஆனால் மேலே ஒரு பெயர்தான் நிற்கும். சர்வீஸ் ரெக்கார்டில் இருந்தது கணவர் பெயர். கமிட்டிக்கு அதுதான் பொருந்தும் என்றேன்.

"அப்பா பேரு?"

"கீழ சின்னதா, வேறு பெயர்னு வரும்."

சிரிப்பு நின்றது. "டெலானிபூர் டீக்கடையில அவர கேக்டா டாக்டர்னுதான் கூப்பிடுறாங்க. நண்டு டாக்டராம். வெளிநாட்டுக்காரன் புக்குல எல்லாம் என் பேருதான்னு சொல்லி வெச்சிருக்காரு. நான் போறதையும் சொல்லணும், இதையும் சொல்லணுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு, "மாத்திருங்க சார். பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார்.

3. டெலானிபூர்

பதவி உயர்வு வந்தது. மேடம் கப்பலேறிய அன்று கதிரேசன் ஹேடோவுக்கு வந்திருந்தார். மகள் மேல்தளத்திலிருந்து கையசைத்துக்கொண்டிருந்தார். கதிரேசன் சரக்கு ஏற்றும் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்லிங் கயித்தச் சரியா மாட்டல பாருங்க சார் இவன்," என்றார்.

கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைக்கார பெங்காலி, "ஆவோ, கேக்டா டாக்டர்," என்று வரவேற்றார்.

"என் பேர எடுத்துட்டீங்களாமே சார்."

"எடுக்கல அண்ணே. மேல இருந்தத கீழ எறக்கியிருக்கோம்."

"அச்சா. எறக்குறது நம்ம தொழிலாச்சே."

போனை எடுத்தேன். அந்த மாதம் மேடத்தின் பழைய கட்டுரை ஒன்றை எடுத்தாண்டு இந்தோனேசியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. நாங்கள் மாற்றியது மேடத்தின் இணையப் பக்கத்தை மட்டும்தான். பழைய கட்டுரையை யார் எடுத்தாண்டாலும் அச்சில் உள்ள பெயரைத்தான் எழுதியாக வேண்டும். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலைக் காட்டினேன்: கதிரேசன், வ.

விரலால் பெரிதாக்கி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது பழசா?"

"இந்த மாசம் வந்தது."

"அவனுக்கு என்னைத் தெரியாதே." சொல்லிவிட்டு, போனைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். "தேக்கோ பாய்."

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இளம் ஆராய்ச்சியாளர்கள் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: முதல் கட்டுரை அனுப்பும் முன் எந்தப் பெயர் என்று முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். எண்கள் குழம்பாமல் இருக்க அது போதும். ஆனால் ஒருவருடைய கட்டுரையை எடுத்தாள்வது என்றால் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரிந்தது இந்த டீக்கடையில்தான்.

கதிரேசன் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், "யாராச்சும் கூப்பிட்டானா சார்?" சென்ற மாதம் யாரும் இல்லை. சொன்னேன்.

"நல்லாத் தேடுனீங்களா?"

"தேடுனேன் அண்ணே."

டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார். "அவ போன் பண்ணுனா, நான் இதெல்லாம் கேக்குறேன்னு சொல்லிராதீங்க," என்றார்.