சர்வருக்குப் புது முகவரி

இன்னாசிமுத்து சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பல வருஷம் கவனித்து வந்தவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, மனைவி விக்டோரியா டீச்சராக இருக்கும் ஒத்தக்கடைக்கே வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து, மதுரை கே.கே. நகரில் உள்ள ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டருக்குப் போவார். இடது கையில் ஊசி ஏறிவிட்டால் பாதி நாள் அந்தக் கையை அசைக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொள்வார். யாரோடும் பேச மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை சென்டரில் புது ரூட்டர் மாட்டினார்கள். அதன் பிறகு, சர்வரில் இருக்கும் நோயாளிகளின் விவரம் எதுவும் வார்டு கம்ப்யூட்டரில் வரவில்லை. வழக்கமாக வருகிறவர்களுக்கு என்ன மருந்து என்பது தலைமை நர்ஸ் ஹம்சவேணிக்கு மனப்பாடம். போன வாரம், அவர் லீவில் இருந்தபோது, புதிதாக வந்து சேர்ந்த ஒச்சம்மாளுக்குத்தான் சிக்கல்.

"போன தடவை ஏதோ மருந்து ஒத்துக்கலைன்னு மாத்திப் போட்டாக தாயி. அது பேரு எனக்கு எங்கிட்டுத் தெரியும்?" என்றார் ஒச்சம்மாள். அது தெரியாமல் அவருக்கு டயாலிசிஸ் மெஷினை ஓட்ட முடியாது.

மேனேஜர் விஜய்ஆனந்த் லேப்டாப்போடு வந்து நின்றார். "சர்வர் புரோகிராம் ஓட மாட்டேங்குது சிஸ்டர். அதுல எழுதியிருக்க முகவரி இந்த சர்வர்ல இல்லைங்குது."

இன்னாசிமுத்து கண்ணைத் திறந்தார். "ரூட்டர் மாத்தினதுல சர்வர் மெஷினோட நெட்வொர்க் முகவரி மாறியிருக்கும். புரோகிராம் இன்னும் பழைய முகவரியிலதான் உக்காருவேன்னு நிக்குது."

ஹம்சவேணி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தலையணையை அவர் மடியில் வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். "வலது கை சும்மாதானே இருக்கு சார். பாருங்க."

ஒரு கையால் தட்டுவது மெதுவாகத்தான் போனது. சர்வருக்குள் நுழைந்து, புரோகிராம் எந்த முகவரியில் இயங்க வேண்டும் என்று எழுதியிருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்தார்.

"நான் 127.0.0.1னு போட்டுப் பாத்தேன் சார். ஓடுச்சு. ஆனா வார்டுல தெரியலை," என்றார் விஜய்ஆனந்த்.

"அது மெஷின் தனக்குத்தானே பேசிக்கிற முகவரி. வெளியிலேர்ந்து யாரும் அதைத் தொட முடியாது."

"அப்ப எல்லா முகவரியிலயும் வர்றதைக் கேக்கட்டும்னு விட்ருவமா?"

"விடலாம். ஆனா இந்த மெஷின், வர்றவங்களுக்குக் குடுத்திருக்க வைஃபைலயும் இருக்கே. நோயாளிங்க விவரம் அங்கிட்டுப் போகக் கூடாதுல்ல."

வார்டுக்குப் போகும் கேபிளின் புது முகவரியை மட்டும் எழுதினார். சர்வருக்கு எப்போதும் அதே முகவரியைக் கொடுக்கும்படி ரூட்டரையும் மாற்றச் சொன்னார். புரோகிராம் ஓடத் தொடங்கியது. வார்டு கம்ப்யூட்டரில் புது முகவரியைப் போட்டதும் ஒச்சம்மாளின் பெயர் வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரும் வந்தது. ஹம்சவேணி டாக்டரிடம் சொல்லி, மாற்று மருந்தோடு மெஷினை ஓட்டினார்.

"நல்லா இருப்ப தாயி," என்று ஒச்சம்மாள் கும்பிட்டார்.

"என்னைய இல்லம்மா, அந்த சாரைக் கும்பிடுங்க."

ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தார். "இவுகளும் டாக்டரா?"

"இல்லம்மா, உங்கள மாதிரிதான். பக்கத்துச் சேர்," என்றார் இன்னாசிமுத்து. அந்த வார்டில் அவர் சிரித்து ஹம்சவேணி பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் விக்டோரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சர்வரைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். "முடியுமா சார்னு அந்தம்மா கேக்கலை விக்டோரியா. கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். பேசாம தலையணைய எடுத்து வச்சாங்க," என்றார். விக்டோரியா திருத்திக்கொண்டிருந்த பேப்பர்களை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த சென்டரின் சர்வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அங்கே வரும் டாக்டர் தன் கிளினிக்குக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறார்; அது இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முன்பெல்லாம் அதை மட்டும்தான் கேட்பார். இப்போதும் கேட்கிறார். அதற்கு முன்னால், ஹம்சவேணியின் பேரைச் சொல்லி நன்றி சொல்லிவிடுகிறார்.