தோணி நேராகப் போன நாள்

எங்கள் ஊர்ப் பக்கம் வாவி இடுப்பளவுதான். நீளமான கம்பை ஊன்றித் தள்ளினால் தோணி போகும். சின்ன வயதிலேயே அதில் நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. முன்னால் நின்று நான் கம்பு ஊன்ற, அப்பா பின்னால் சும்மா உட்கார்ந்து வருவார். அவர் கையில் ஒரு துடுப்பு இருக்கும். அது எதற்கென்று நான் கேட்டதில்லை.

யுத்தம் முற்றியபோது வாழைச்சேனையிலிருந்து மாமா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. என் வயதில் ஒரு மச்சாள். தோணியில் காலே வைக்காதவள். இருவருக்கும் புலமைப்பரிசில் பரீட்சை, மண்டபமோ அக்கரையில். பாதையை ஆமிக்காரர் எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "மச்சாளுக்கும் பழக்கு புள்ள. இனி நீங்களே போகோணும்" என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று அப்பா கரையிலேயே நின்றுகொண்டார். நான் கம்பை ஊன்றினேன். தோணி வட்டமடித்தது.

"என்னகா, நிண்ட இடத்திலயே சுத்துது?" என்றாள் மச்சாள்.

"அது தானா நேராப் போகும்."

"போகல்லையே. நேராப் போக என்ன செய்யோணும்?"

எனக்குத் தெரியாது என்பது கற்றுக்கொடுக்கப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவளும் என்னைப்போலவே ஒரே பக்கத்தில் ஊன்றினாள். அவள் செய்தபோதுதான் என் பிழை கண்ணில் பட்டது. இத்தனை நாளும் என் கோணலை நிமிர்த்தியது அப்பாவின் துடுப்பு. பக்கம் மாற்றி மாற்றி ஊன்றச் சொன்னேன். தோணி நிமிர்ந்தது.

பிற்பாடு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கற்றால்தான் தன் குறை தெரியும், கற்பித்தால் இன்னும் தெரியும் என்று சீனத்துப் பழைய ஆசான்கள் எண்ணியதாக விரிவுரையில் கேட்டேன். சேற்றுத் தண்ணீரில் படித்த பாடம் என்று சிரிப்பு வந்தது.

பரீட்சையன்று விடியவே பாதையை மூடிவிட்டார்கள். அம்மா தோணியின் நடுவில் உட்கார, மச்சாளும் நானும் மாறி மாறி ஊன்றினோம். எதிர்க்காற்று. ஆனாலும் கோடு கிழித்ததுபோல் நேராகப் போனோம். மணி அடிக்குமுன் அக்கரையில் கால்வைத்தபோது உலகமே எங்களுடையதாக இருந்தது. பரீட்சையில் இருவரும் சித்தியடைந்தது அதற்குப் பிறகுதான்.

என்மேல் இருந்த நம்பிக்கையில்தான் அப்பாவும் மாமாவும் கூட வரவில்லை என்று நெடுநாள் பெருமைப்பட்டேன். அந்த நாட்களில் தோணியில் போன ஆண்கள் பலர் வீடு திரும்பவில்லை என்பது எனக்கு விளங்கியிருக்கவில்லை. நடு வாவியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது கரையில் அப்பாவின் கை முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அவர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வழியனுப்புகிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன்.