பதினெட்டாவது பெட்டி

பழுப்பு டேப் உருளையை வளையல் மாதிரி இடது கையில் மாட்டிக்கொண்டு, பல்லால் ஒரு முழம் கிழித்து, பெட்டியின் வாயை அடைத்து, "அடுத்து!" என்கிறார். எல்லாம் சேர்த்து ஒன்பது நொடி. பார்சல் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் டிசம்பர் முழுக்க இதுதான் சங்கீதம். வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற நீதிபதிகூட அவரை "டேப் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். நீதிபதியும் வரிசையில்தான் நிற்கிறார்.

அந்த உருளையை அக்கா எங்கேயும் கழற்றுவதில்லை. சமையலறையில், பஸ்ஸில், ஏன், ஆலயத்திலும் அது கையில் இருக்கும். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாஸ்டர் "கிறிஸ்து பிறந்தார்!" என்று இரு கைகளையும் விரித்த அந்த நொடியில், அக்காவின் மனத்தில் ஓடியது ஒரே வரி: "அந்த நீலப் பெட்டிக்கு அட்ரஸ் ஒட்டினேனா?"

அக்கா அதிர்ந்துபோனார். "யாருக்குப் பிறந்த நாளுன்னே மறந்துட்டு பார்சல் கட்டியிருக்கேங்க!"

எனவே இந்த வருடம் ஒரு பொருத்தனை. சொந்தக்காரர்களுக்குப் போகும் பதினெட்டுப் பெட்டிகளில் எதற்கும், பெறுபவருக்காக ஜெபம் செய்யாமல் டேப் ஒட்டுவதில்லை. பதினேழுக்கு ஒட்டியாயிற்று. ஜெபங்களும் கவுண்டர் வேகத்திலேயே நடந்தன. "ஆண்டவரே, இவன் என் தம்பி. மாசத்துக்கு ஒரு வேலை மாத்துறான். ஒரே இடத்துல உக்கார வையும். அடுத்து!" ஆமென் வரவேண்டிய இடத்தில் 'அடுத்து' வந்து உட்கார்ந்துவிட்டது. இடம் பறிபோன ஆமென் சும்மா இருக்குமா? ரசீது கேட்டு நின்ற பெரியவரிடம் போய் விழுந்தது. அவரும் தொப்பியைக் கழற்றி, "ஆமென்மா" என்றார்.

பண்டிகைக்கு முந்தைய கடைசி வண்டி இன்று நாலு மணிக்கு. இப்போது மூன்றரை. பதினெட்டாவது பெட்டி கவுண்டருக்கு அடியில் வாயைத் திறந்தபடி இருக்கிறது. அது ஓரகத்திக்கு.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், அக்கா மூன்று முறை தேய்த்து விரித்த மேஜை விரிப்பைப் பார்த்து ஓரகத்தி சொன்னாராம்: "எல்லாம் ஹோட்டல் மாதிரி இருக்கு. வீடு மாதிரிதான் இல்லை." அன்றோடு பேச்சு நின்றது. பெட்டி மட்டும் போகும். அனுப்புநர் இடத்தில் கணவர் பெயர், எழுதியது அக்கா.

காலையில் கணவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "சும்மா ஒட்டி அனுப்புடி. அவளுக்கா தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியாது. கேக்குறவருக்குத் தெரியுமே!"

மூன்று நாற்பது. அக்கா கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவ என் ஓரகத்தி. இவளுக்கு நல்ல புத்தியைக் கொடும்..." கண் திறந்துகொண்டது. "ச்சே, இது ஜெபமில்ல, புகார். புகாருக்கு ஏழாம் கவுண்டர்."

மூன்று ஐம்பது. "ஆண்டவரே, அவ வாயை மட்டும் கொஞ்சம்..." மறுபடியும் ஏழாம் கவுண்டர்.

வெளியே ஹாரன். எடைபோடும் பெண் கத்தினாள்: "அக்கா! வண்டி வந்தாச்சு! ஒட்டுங்க, ஜெபத்தை அப்புறமா பண்ணிக்கலாம்!"

"அப்புறமா பண்ணினா அது ஜெபமில்லடி, சமாளிப்பு!"

வரிசை முழுதும் பெட்டியையே பார்த்தது. நீதிபதி கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அம்மா, மூணு நிமிஷம்."

அக்கா பெட்டியின் மேல் இரு கைகளையும் வைத்தார். இந்த முறை சத்தமே வெளியே கேட்டுவிட்டது. "ஆண்டவரே, அவ சொன்னது நிஜம். அன்னைக்கு நான் உக்காரவே இல்லை. அவளையும் ஒரு வார்த்தை உக்காருன்னு சொல்லலை. பாவம், ஆறு மணி நேரம் பஸ்ல வந்தவ. அவ முட்டி வலியைத் தீர்த்து வையும். வீட்டை ஆசீர்வதியும்..." மூச்சு வாங்கியது. வரிசை 'அடுத்து'க்குத் தயாரானது.

"ஆமென்."

பல் டேப்பைக் கிழித்தது. ஒன்பது நொடிகூட ஆகவில்லை. அக்கா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கவுண்டரின் குட்டிக் கதவை இடுப்பால் இடித்துத் திறந்து ஓடினார். டிரைவர் வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க! நில்லுங்க! கொஞ்சம் குனிங்க!"

"எதுக்குக்கா?"

"குனிங்கன்னா!"

அவர் குனிந்தார். முதுகின் மேல் பெட்டியை வைத்தார் அக்கா. காதில் செருகியிருந்த பேனாவை உருவி, அனுப்புநர் இடத்தில் கணவர் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். "சீக்கிரம்க்கா, முதுகு கூசுது!" என்று டிரைவர் நெளிய நெளிய, அதற்கு மேலே பெரிய பெரிய எழுத்தில், தன் பெயரை எழுதினார்.