கோவளம் அலையில் என் வலப்பக்கம்

பார்வையில்லாதவர்கள் கடலில் சர்ஃபிங் செய்யலாமா என்று கேட்டு எனக்கு அடிக்கடி மடல் வருகிறது. தாராளமாகச் செய்யலாம். போன ஜனவரியில் நான் செய்துவிட்டு வந்தேன். எப்படிப் போவது, என்ன செலவாகும், அங்கே என்ன நடக்கும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கடைசியில் வரும் விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் கண் நரம்பு பழுதாகி எனக்குப் பார்வை முழுவதும் போனது. அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டினால் யாராவது என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணவர் முருகேசன், இல்லாவிட்டால் என் தங்கை, அதுவும் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரோ ஒரு புண்ணியவான். ரோட்டைக் கடக்கவே நினைக்காத என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, நன்றிக்காகக் காத்து நின்றவர்களும் உண்டு. நல்ல மனசோடு செய்கிறவர்களிடம் கத்தவா முடியும்? எனக்கு வேண்டியது ஒரு பத்து விநாடி. வெளியில், யாரும் பிடிக்காமல், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல். மன அமைதி, உடற்பயிற்சி என்பதெல்லாம் வீட்டில் சொன்ன காரணங்கள்.

திருநெல்வேலியிலிருந்து காலை ரயில். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பார்வையற்றவருக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, சான்றிதழை மறக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து கோவளம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் பையோடு ஏறி இறங்குவது சிரமம் என்று ஆட்டோ பிடித்தோம், நானூறு ரூபாய். ஓட்டியவர் தென்காசிக்காரர், கரமனையில் இருபது வருடமாகக் குடியிருக்கிறாராம்.

"கண்ணு காணாம கடல்ல எறங்குறதா? பேடியில்லையா, பயமில்லையா மேடம்?" என்றார்.

"கடலுக்கும்தான் கண் இல்லை" என்றேன்.

அறை வாடகை 1,800 ரூபாய். கடற்கரை இருநூறு மீட்டர். இறங்கும் படிகளில் கைப்பிடி இல்லை, கைத்தடி அவசியம்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பயிற்சி. கட்டணம் 2,500, பலகையும் மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அதற்குள் அடக்கம். அன்று எங்களோடு முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவரும் வந்திருந்தார். பலூன் மாதிரி சக்கரம் வைத்த நாற்காலியில் அவரை நீர் விளிம்புவரை உருட்டிப்போய்ப் பலகையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். முதல் அலையிலேயே அவர் சத்தம் போட்டுச் சிரித்தது கரைவரை கேட்டது.

எனக்குப் பயிற்சியாளர் பிரின்ஸ். குளச்சல் பக்கத்துக்காரர், விழிஞ்ஞத்தில் வளர்ந்தவர். பார்வையில்லாதவர்களுக்கான முறையை நீரில் இறங்கும் முன்பே விளக்கினார். அவர் பின்னால் நின்று அலை வரும்போது பலகையைத் தள்ளிவிடுவார். கரையில் இன்னொருவர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். விசில் வரும் திசைதான் கரை. விசில் காதில் விழாவிட்டால் கையால் தண்ணீரை வாருவதை நிறுத்திவிட்டுப் பலகையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"மூணு அலைக்கு நான் பலகையப் புடிச்சிட்டுக் கூடவே வருவேன். நாலாவது அக்கா தனியா. அது போதுமா?"

"தனியான்னா தனியா. பக்கத்தில யாரும் வரக்கூடாது. ஒளிஞ்சுகூட வரக்கூடாது."

"வரமாட்டேன் கேட்டோ. சத்தியமாட்டு."

முருகேசன் முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் வரமாட்டேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முதல் மூன்று அலைகளில் நிறைய உப்புத் தண்ணீர் குடித்தேன். நான்காவதுக்காக முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே கூட்டிப்போனார். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் இரைச்சல் முழுவதும் பின்னால் போய்விட்டது. கடல் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எதிரில் எதுவுமே இல்லை. திருப்பி நிறுத்தியபோது, தூரத்தில் விசில் மெல்லிசாகக் கேட்டது.

"இப்ப" என்று தள்ளினார். நான் இரண்டு கையாலும் தண்ணீரை வாரி இழுக்க ஆரம்பித்தேன்.

அப்போது வலப்பக்கத்தில் இன்னொருவர் தண்ணீரை வாரும் சத்தம் கேட்டது. ஒரு கை நீளத் தொலைவுதான். நான் இழுத்தால் அதுவும் இழுத்தது, என்னைவிடக் கொஞ்சம் பிந்தி. நான் நிறுத்தியபோது அது இன்னும் ஒரு முறை இழுத்துவிட்டு நின்றது. அலை என்னைத் தூக்கியது. அந்த வேகத்திலும் பக்கத்தில் வாயால் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. மேல்மூச்சு வாங்கவில்லை. நிதானமான மூச்சு.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இத்தனை சொல்லியும் ஆளை அனுப்பிவிட்டார்களே! என் பத்து விநாடி போயே போய்விட்டது. பலகை மணலில் உரசி நின்றதும் காது கொடுத்துக் கேட்டேன். உரசியது ஒரு பலகைதான்.

பிரின்ஸ் தண்ணீரில் நடந்து வந்து சேரும்வரை காத்திருந்து, வந்ததும் திட்டித் தீர்த்துவிட்டேன்.

"அக்கா, நான் தள்ளிவிட்ட எடத்துலதன்னே நின்னேன். வேற யாரும் இல்ல. சேட்டன்கிட்ட கேளுங்க."

முருகேசன் ஓடிவந்தார். "நீ மட்டுந்தாம்ட்டி வந்த! வீடியோ எடுத்திருக்கேன், வேணும்னா பாரு!" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து அய்யோ என்று முனகினார். விசில் ஊதியவரும் ஒரு பெண் மட்டுமே வந்தாள் என்று மலையாளத்தில் சொன்னார். மூன்று பேரும் பொய் சொல்ல மாட்டார்கள். அலைச் சத்தம் காதில் புகுந்து விளையாட்டுக் காட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத! தனியாக வந்திருக்கிறேன். மணலில் உட்கார்ந்து அழுதேன்.

மதிய ரயிலில் ஊர் திரும்பினோம். என் வெற்றியை இன்னொரு தரம் அனுபவிக்க அந்த வீடியோவைப் போடச் சொல்லி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். கடல் இரைச்சல், விசில், காற்று போனில் மோதும் சத்தம். பிறகு, போனுக்கு மிக அருகில், முருகேசனின் குரல். தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் தாழ்ந்த குரல்.

"கூட யாரு அது?"

பாறசாலை தாண்டியிருக்கும். மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான், சந்தேகமே இல்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு அவரிடம் கேட்டேன். நேந்திரங்காய் வறுவல் கடிபடும் சத்தம் நின்றது.

வறுவல் பையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார். "போன்ல பாத்தா நீ மட்டுந்தான். நிமிந்து பாத்தா ரெண்டு பேரு. திரும்பப் போனைப் பாத்தேன், ஒரே ஆளு."

"பலகை இருந்துச்சா?"

"பலகையெல்லாம் தெரியல. ஒரு தலை. கரைப் பக்கம் திரும்பவே இல்ல. உன்னையே பாத்துக்கிட்டு வந்துச்சு."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"அப்படி அழுதியே சந்தோசத்துல. அதுல போயி என்னத்தச் சொல்ல?"

பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்தார். அன்றைக்கு நான் அதை உதறவில்லை.

வீட்டுக்கு வந்து பல நாள் தூக்கம் வரவில்லை. படுத்தால் வலது காதில் அந்த மூச்சு. பயமும் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. தனியாகப் போக இவ்வளவு தூரம் போய், அங்கும் துணையா? அந்த அலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கை நீட்டினால் தொடும் தூரம். பலகை ஆடியது, விழப் பார்த்தேன். ஆனாலும் அது என்னைத் தொடவில்லை.

நீங்களும் போவதாக இருந்தால், மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது கடல் முரடு. மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். விசில் முறையைக் கரையிலேயே நாலு தரம் பழகிக்கொள்ளுங்கள். நான் அடுத்த ஜனவரிக்கும் சீட்டு எடுத்துவிட்டேன். முருகேசன் வேண்டாம் என்கிறார். நான் போகத்தான் போகிறேன்.

அங்கே உங்கள் வலப்பக்கம் யாராவது தண்ணீரை வாருவது கேட்டால், என்னைப் போலப் பயிற்சியாளரைத் திட்டாதீர்கள். அது பாட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிடுங்கள். இந்த நான்கு வருடத்தில் என் கூடவே வந்தும் என் கையைப் பிடிக்காத ஒரே ஆள் அதுதான்.